நாளைக்கு மட்டும் லீவு

"நாளைக்கு நீலாவை ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க."

இராமலட்சுமி டீச்சர் இதைப் பள்ளிக்கூட வாசலில் வைத்து, நீலாவுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகவே சொன்னாள்.

நீலாவின் அம்மா அகிலாவுக்குத் திக்கென்றது. "ஏன் டீச்சர்?"

"நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்லா! இன்ஸ்பெக்டர் அம்மா வருதாங்க."

"அதுக்கு?"

"அதுக்குத்தான். காலையில ஆறு மணிக்கே ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போங்க. கூட்டம் இருக்காது, சாரலும் ஜோரா இருக்கு. பிள்ளை நல்லாக் குளிக்கட்டும்."

ஐந்தருவி என்று காதில் விழுந்ததுமே நீலா தையதக்கா என்று குதிக்க ஆரம்பித்துவிட்டாள். பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். இனி அவளை யார் நிறுத்துவது?

மூன்றாம் வகுப்பு. வாயைத் திறந்தால் ஊர்க்கதை எல்லாம் கொட்டும். புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி வாசிக்க வராது.

பாளையங்கோட்டை கான்வென்ட்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் அகிலா. அவள் மகள் இப்படி! வெளியே தெரிந்தால் ரெண்டாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்களோ, டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று அவளுக்குக் குலைநடுக்கம். அதனால் விளக்கு வைத்ததும் உட்கார்ந்து, பாடம் முழுவதையும் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்துவிடுவாள். ரெண்டு தடவை கேட்டால் போதும் நீலாவுக்கு. வரிக்குக் கீழே விரலை ஓட்டி, சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டி, அப்படியே ஒப்பிப்பாள். பெற்ற அப்பாவே "என்னமா வாசிக்கா எம்மவ!" என்று ஏமாந்து போயிருந்தார்.

டீச்சர் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

'ஸ்கூல் மானம் போயிரும்னு எம்பிள்ளைய ஒளிச்சு வைக்கா!'

மறுநாள் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் ஒரே ஒரு குண்டு அம்மாதான் நின்றிருந்தாள். தலையில் தண்ணீர் விழ விழ "அய்யோ, அம்மாடி!" என்று அலறினாள். நீலாவும் கூட நின்று அலறினாள். யார் சத்தம் பெரிசு என்று போட்டி.

ஒரு வழியாக வெளியே வந்து, மூன்று பேரும் பல் கிடுகிடுக்கப் பஜ்ஜிக் கடையில் ஒதுங்கினார்கள்.

"ஏட்டி, ஒனக்கு ஸ்கூல் இல்லையா?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"இருக்கு. இன்ஸ்பெக்டர் வருதாங்க. அதனால எனக்கு மட்டும் லீவு." நீலா பெருமையாகச் சொன்னாள்.

"ஒனக்கு மட்டுமா! கொடுத்து வச்சவட்டி நீ!"

அகிலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்களே சொல்லுங்கக்கா. தென்காசியில இன்ஸ்பெக்‌ஷன்னா அது ஏன் சாரல் சமயமாப் பார்த்து வருது? குளிச்சிட்டு, பஜ்ஜி தின்னுட்டு, ஒரு கையெழுத்தைப் போட்டுட்டுப் போகத்தான? அப்பேர்ப்பட்டவளுக்குப் பயந்து எம்பிள்ளைய ஒளிச்சு வைக்காவ!"

"அநியாயமாலா இருக்கு!" என்று அந்த அம்மா அடுத்த பஜ்ஜியைக் கடித்தாள். "ஏட்டி, நான் கண்ணாடி போடல. அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு?"

நீலா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "குரங்குகளுக்குப் பஜ்ஜி கொடுக்காதீர்கள்."

போர்டில் இருந்தது, 'பெண்கள் உடை மாற்றும் இடம்'.

அகிலாவின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த அம்மாவுக்கோ சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஆனால் ஆளை விடவில்லை. ஈரப்பாறையில் விரலால் பெயரை எழுதச் சொன்னாள். 'நீ' இடம் வலமாகத் திரும்பி நின்றது.

"சரி, இந்த அருவி ஏன் அஞ்சா விழுது?"

நீலா கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீருக்கு அடியில் கையை நீட்டி, விரல்களை விரித்தாள். விரலுக்கு ஒன்றாகத் தண்ணீர் பிரிந்து விழுந்தது. "மேல பாறை இப்படி இருக்கும்லா?"

அந்த அம்மா அவளையே பார்த்தாள். பிறகு அகிலாவின் தோளில் கை வைத்தாள்.

"பயப்படாதம்மா. இவ மூளையில ஒரு குறையும் இல்ல. எழுத்து மட்டும்தான் பிடிபடல. எல்லா ஊர்லயும் இப்படிப் பிள்ளைங்க இருக்கு. டிஸ்லெக்சியான்னு பேரு. அடிச்சா வராது, மனப்பாடம் பண்ண வச்சாலும் வராது. மணல்ல எழுதி, தடவிப் பார்த்து, சத்தத்தைப் பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லிக்கொடுத்தா மெதுவா வந்துரும்."

"நீங்க... டாக்டராக்கா?"

அதற்குள் ஜீப் டிரைவர் குடையோடு ஓடி வந்தான். "அம்மா, நேரமாச்சு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஸ்கூல்ல காத்துக்கிட்டு இருப்பாங்க."

அகிலாவின் கையிலிருந்த பஜ்ஜி நழுவியது. தரையைத் தொடுவதற்குள் ஒரு குரங்கு அதைக் கொண்டுபோயிற்று.

"நான்தான் அப்பவே சொன்னேம்லா, போர்டுல போட்டிருக்குன்னு!" என்றாள் நீலா.

சாயந்திரம் அகிலா பள்ளிக்கூடத்துக்குப் பறந்து வந்தாள்.

"டீச்சர், நீங்க ஒளிச்சு வச்சாலும் சாமி விடல! இன்ஸ்பெக்டர் அம்மாவே அருவியில வச்சு எம்மவளைப் பார்த்துட்டாங்க!"

டீச்சர் சிரித்தாள். "சாமியா? ஆறு மணிக்கு அங்கன போங்கன்னு ஒங்ககிட்ட சொன்னது யாரு? அந்த அம்மாவை அங்கன வரச் சொன்னதும் நான்தான். நாளையிலேர்ந்து ஸ்கூல் விட்டதும் நீலா ஒரு மணி நேரம் என்கூட இருக்கட்டும். மணல்கூட அள்ளி வச்சாச்சு."



"பின்ன ஏன் டீச்சர், ஸ்கூல்ல வச்சே காட்டியிருக்கலாமே? இவ வாசிக்கமாட்டா, மானம் போயிரும்னுதான பயந்தீங்க?"

"நல்லாச் சொன்னீங்க போங்க! நீங்க பாடம் பூராவும் நெட்டுருப் போட வச்சு அனுப்பிருவீங்க, இவளும் கடகடன்னு வாசிச்சு 'வெரி குட்' வாங்கிட்டு வந்துருவாளேன்னுதாம்மா பயந்தேன்!"