பூங்கொடியின் நிபந்தனை

யாருக்கும் தெரியாத கிடார் கலைஞர்களைத் தேடிப் பிடித்துத் தன் யூடியூப் சேனலில் அறிமுகப்படுத்துவாள் நர்மதா. இணையத்தில் இருந்த அயோத்தியாப்பட்டணத்துப் பூங்கொடியின் ஒலிப்பதிவை மொத்தமே முப்பது பேர்தான் கேட்டிருந்தார்கள். அந்த வாசிப்பில் நர்மதா அசந்துபோனாள்.

ஆனால் எப்போது போன் செய்தாலும் பூங்கொடியின் கணவன் கந்தவேல்தான் எடுத்தான்.

"அவகிட்டப் பேச முடியாதுங்க. பேட்டியெல்லாம் வேண்டாங்க."

"அதை அவங்க சொல்லட்டும்" என்றவள், மறுநாள் சூரமங்கலத்தில் பஸ் ஏறி நேராக வீட்டுக்கே போய்விட்டாள்.

கந்தவேல் வாசலை மறித்தான். "ஏனுங்க, வேண்டாம்னு சொன்னா உட மாட்டீங்களா?"

"பொண்டாட்டியைப் பூட்டி வெச்சுட்டு எத்தனை நாளைக்கு நீங்களே பேசுவீங்க?" என்று அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

முதுகு காட்டி உட்கார்ந்து, கிடாரின் மேல் தாடையை வைத்தபடி வாசித்துக்கொண்டிருந்தாள் பூங்கொடி. நர்மதா உரக்கக் கூப்பிட்டும் திரும்பவில்லை. கந்தவேல் போய்த் தோளைத் தொட்டதும்தான் திரும்பினாள்.

"காய்ச்சல்ல காது போயிருச்சுங்க. தாடையில கிடார் மரம் அதிர்றதை வெச்சுத்தான் வாசிக்கிறா" என்றான் அவன்.

நர்மதாவுக்குக் கண் கலங்கியது. "இதைச் சொன்னா உலகமே உங்களைக் கேக்கும்ங்க!"

உதட்டசைவிலேயே புரிந்துகொண்ட பூங்கொடி நிமிர்ந்தாள்.

"அதுக்குத்தான் யாரையும் உள்ள உடாதீங்கன்னு நான் இவருகிட்டச் சொல்லி வெச்சேன். பாவம் பார்த்து ஒருத்தரும் கேக்க வேண்டாங்க. வாசிப்பு நல்லாருந்தா போடுங்க. இல்லைன்னா அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புங்க."

நர்மதா போட்ட வீடியோவில் வாசிப்போடு பூங்கொடியின் பெயரும் ஊரும் மட்டும்தான் இருந்தன.