பூதம் மறந்த பதில்

படகு கரையைத் தொடுவதற்கு முன்பே செல்வம்மாள் குனிந்து ஒரு கை சேறு அள்ளிக்கொண்டாள்.

பூதம் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் சேறா என்று பக்கத்தில் நின்ற ஜெயம்மா முழித்தாள்.

ஏழுகடல் பூதம் நாடகம் ஊரில் நின்றுபோய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. இந்தப் பங்குனியில்தான் வாத்தியார் ராஜவேலு பிடிவாதமாக அதை மறுபடியும் தூக்கி நிறுத்தியிருந்தார். சேதி கேட்டு மீஞ்சூரிலிருந்தும் அனுப்பம்பட்டிலிருந்தும் சனம் வந்து, வெயில் தாழ்வதற்குள் ஏரிக்கரையில் இடம் பிடித்துவிட்டது. பழவேற்காட்டு பஜாரிலிருந்து மக்பூல் பாய் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

யாரும் வெறுங்கையாக வரவில்லை. ஆளாளுக்கு ஒரு பழைய பூதத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

அந்தப் பழைய பூதமாக வேஷம் கட்டியவன் தேசப்பன். செல்வம்மாளின் புருஷன்.

பெரிய புயலடித்த வருஷம் கடலுக்குப் போனவன். படகு மட்டும் வெறுமனே முகத்துவாரத்தில் வந்து ஒதுங்கியது. காரியம் பண்ணிவிடலாம் என்றது ஊர். "உடம்பக் கொண்டாந்து காட்டு, அப்பால தாலியக் கழட்டறேன்" என்று இவள் போட்ட போட்டில் ஊர் வாயை மூடிக்கொண்டது.

ஆனால் இன்றைக்கு விஷயம் வேறு.

படகில் வரும் பூதத்திடம் கரையில் நிற்கும் பெண்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். மூன்றாவது கேள்வி செல்வம்மாள் வீட்டுப் பாத்தியதை. மாமியார் கேட்டாள், அவளுக்குப் பின்னால் இவள். பதில் சரியாக வந்தால் வழி விடவேண்டும். வராவிட்டால் சேறு. சேறு முகத்தில் விழுந்துவிட்டால் பூதம் படகைத் திருப்பிக்கொண்டு போகவேண்டியதுதான், நாடகம் அத்தோடு சரி.

தேசப்பன் இடத்தில் இன்னொருத்தனுக்குத் தன் கையாலேயே வழி விடுவதா? அவர் இனி வரமாட்டார் என்று தானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? பதில் சரியோ தப்போ, எறிந்துவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள்.

படகு நின்றது. பூதம் எழுந்தது.

"இன்னாபா இது, பட்டினி கெடந்த பூதமா?" என்றான் ஒருவன். கரை முழுக்கச் சிரிப்பு.

ராஜவேலு துண்டால் கழுத்தைத் துடைத்தார். இப்போது வேஷம் கட்டும் ஆள் காக்கிநாடா பக்கம் இருந்தவன், பழக்கமுள்ளவன் என்று மட்டும் ஊரில் சொல்லியிருந்தார். யார் துருவினாலும் அதற்கு மேல் பேசவில்லை.

பூதம் உறுமியது. மர முகமூடிக்குள்ளிருந்து குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் வந்தது.

"தேசப்பன் உறுமினா எங்க கடையில கிளாஸ் ஆடும்" என்றார் மக்பூல் பாய். அவர் கடை இங்கிருந்து இரண்டு மைல். தேசப்பன் படகிலிருந்து ஒரே தாவாகக் கரைக்குத் தாவுவான் என்றார் இன்னொருவர். செல்வம்மாளுக்குத் தெரிந்து அந்த மனுஷன் ஒருநாளும் தாவியதில்லை. பூதத்தின் பாவாடை நனைந்துவிடுமே என்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்துதான் வருவான். என்றாலும் அவள் மறுத்துப் பேசவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எங்கிருந்து வருகிறாய் என்பது முதல் கேள்வி. பூதம் ஏழு கடலையும் பேர் சொல்லி ஒப்பித்தது. என்ன கொண்டுவந்தாய் என்பது இரண்டாவது. அதற்கும் பிசகில்லை. கூட்டம் மெல்ல அடங்கியது. செல்வம்மாள் கையிலிருந்த சேற்றை இறுக்கிப் பிடித்தாள். பாவி, எல்லாவற்றையும் சரியாகச் சொல்லித் தொலைக்கிறானே!

"கரையேறினா எத்தினி நாளு தங்குவே?" என்று தன் கேள்வியைக் கேட்டாள்.

பூதம் பேசவில்லை.

ராஜவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

"தேசப்பன் தடுமாறுவானாடா? தண்ணி மாதிரி கொட்டுவானே! அடிம்மா சேத்தால!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

செல்வம்மாள் கையை ஓங்கினாள்.

தேசப்பன் தடுமாறினான். வருஷா வருஷம், இதே கேள்விக்கு, இதே பதிலை மறந்தான். வீட்டில் எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தாலும் இங்கே வந்து நின்றதும் துடைத்துப் போட்ட மாதிரி போய்விடும். அப்போது வாத்தியாரைப் பார்க்கமாட்டான். முகமூடியை லேசாக இடப்பக்கம் சாய்த்து, கண் ஓட்டை வழியாக இவள் வாயைப் பார்ப்பான். இவள் முந்தானையால் வாயைத் துடைக்கிற சாக்கில் பதிலைச் சத்தமில்லாமல் உதட்டில் காட்டுவாள். வாத்தியாருக்கே தெரியாத திருட்டுத்தனம். உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

பூதம் முகமூடியை லேசாக இடப்பக்கம் சாய்த்தது.

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. சேறு முழங்கை வழியாக வழிந்து ரவிக்கையை நனைத்தது.

அடப்பாவி மனுஷா!

எறிந்துவிடலாமா என்று நினைத்தாள். முன்பைவிட இப்போதுதான் நிஜமாகவே நினைத்தாள். இத்தனை வருஷம்!

கரை கத்திக்கொண்டே இருந்தது. செல்வம்மாள் இன்னொரு கையால் முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ போன்னு சொல்ற வரிக்கும்" என்றது பூதம்.

அவள் விலகி வழி விட்டாள். மேளம் எழுந்தது. பூதம் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தது.

"பரவால்ல, தேறிடுவான்" என்றார் மக்பூல் பாய். "ஆனா இன்னா சொல்லு, தேசப்பன் கணக்கா வராது."

"வராதுதான் பாய்" என்றாள் செல்வம்மாள். கண்ணில் பொங்கியதைத் துடைக்காமல் சேற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஊட்டுக்கு வரட்டும். நாலாவது கேள்வி ஒண்ணு இருக்குது.