மூச்சுக்கு இடம்

“சன்னல திற” என்று அவள் பாடினாள். பாடிவிட்டு, கட்டிலில் சாய்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

அவர் அவள் வாயைப் பார்த்தார். பிறகு அவள் மடியிலிருந்த கீபோர்டைப் பார்த்தார்.

“ஆமா” என்றார்.

பத்து மாதமாக அவரிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு வார்த்தைதான். குளியலறையில் விழுந்த அன்று மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து, வலது கையையும் பேச்சையும் ஒருசேரக் கொண்டுபோய்விட்டது. தண்ணீர் வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா.

இருபத்தாறு வருடம் எதைக் கேட்டாலும் ‘இல்ல’, ‘வேணாம்’ என்று அரை வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனவர். இப்போது எல்லாவற்றுக்கும் ஆமா போடுகிறார். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று வந்தது. அவர் கூடவே பாடினார். ஒரு வார்த்தை பிசகவில்லை. அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து நின்றாள். பாட்டு முடிந்தது. மறுபடியும் ஆமா.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், சிலருக்கு இப்படி நடக்கும் என்றாள். பேச்சுக்கான வழி அடைபட்டாலும் பாட்டுக்கு வேறு வழி திறந்திருக்குமாம். அவருக்கு வேண்டியதையெல்லாம் சின்னச் சின்னப் பாட்டாகக் கட்டிக் கொடுங்கள் என்றாள், என்னவோ கடையில் விற்பது போல.

இவளுக்குத் துணி தைக்கத் தெரியும். பாட்டு கட்டத் தெரியாது. தெரிந்துகொள்வதற்காக, சனிக்கிழமைதோறும் நாத்தனாரைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு, தன் வயதில் பாதிகூட ஆகாத ஒரு பாட்டு டீச்சரிடம் போனாள். வாரத்தில் அவள் வெளிக்காற்றைப் பார்ப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். அதுவும் அவருக்காகத்தான்.

டீச்சர் சொன்னதில் பாதி அவளுக்குப் பழகிய தொழில். முதலில் பாடுகிறவரின் குரலை அளவெடுக்க வேண்டும். எந்தச் சுரத்துக்குக் கீழே கரகரக்கிறது, எதற்கு மேலே உடைகிறது என்று பார்த்து, மெட்டை அதற்குள் வெட்ட வேண்டும். நெடிலுக்கு நீளமான சுரம். குறிலில் போய் இழுத்தால் வார்த்தை கோணிக்கொண்டு நிற்கும். கீபோர்டு வாசிப்பு குரலுக்கு அடியில் லைனிங் துணி மாதிரி இருக்க வேண்டும். வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது.

“அக்கா, எல்லாத்தையும் நீங்களே நெறச்சுடாதீங்க. பாடுறவங்களுக்கு மூச்சு விட எடம் வேணும்ல?” என்றாள் டீச்சர்.

அதைக் கேட்டு ஏனோ அவளுக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிச் சமாளித்தாள்.

அன்று வீடு திரும்பியதும் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, நீங்க மட்டும் இல்லேன்னா எங்க அண்ணன் கதி என்ன?”

டாக்டரும் இதைத்தான் சொன்னார். எதிர்வீட்டுக்காரியும் இதைத்தான் சொன்னாள். யார் சொன்னாலும், வெளிப்பக்கம் இன்னொரு தாழ்ப்பாள் விழுவது போலிருந்தது அவளுக்கு. சிரித்து வைத்தாள்.

ஆறு வாரத்தில் அவள் கட்டி முடித்தது இரண்டே வரி. சன்னல திற. காத்து வரும். நாலு சுரத்துக்குள் அடங்கும் மெட்டு, இடது கைக்கு மாறி மாறி இரண்டு கார்டு, மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது.

இன்று மதியம் சாப்பாடு முடிந்ததிலிருந்து அதையே பாடிக்கொண்டிருந்தாள். அவர் இடது கை தொடையில் தாளம் போடத் தொடங்கியதும், அவள் தன் குரலை நிறுத்திவிட்டு வெறும் கார்டை மட்டும் வாசித்தாள். பாட்டுக்கான இடத்தைக் காலியாக விட்டாள்.

அவர் உதடு ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“சன்னல திற. காத்து வரும்.”

கரகரப்பான குரல். ஆனால் சரியான சுரம்.

அவள் எழுந்து போய் சன்னலைத் திறந்தாள். பத்து மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டு அவள் செய்த முதல் காரியம். தெருச் சத்தமும் காற்றும் சேர்ந்து உள்ளே வந்தன. கையோடு வந்து உட்கார்ந்து, இன்னொரு முறை பாடட்டும் என்று மறுபடி வாசித்தாள்.

இந்த முறை அவர் சன்னல் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்தார்.

“பெட்டிய எடு” என்று பாடினார். “போயிட்டு வா.”

மெட்டு மாறவில்லை. ஒரு மாத்திரை கூடவுமில்லை, குறையவுமில்லை.

அவள் விரல்கள் கட்டைகளை அழுத்தியபடியே இருந்தன. கார்டு நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவ பாடுங்க” என்றாள்.

அவர் பாடினார். அதே வார்த்தைகள்.

அவர் விழுந்த அன்று காலை அவள் வீட்டில்தான் இருந்தாள் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் அப்போது பாதிப் படி இறங்கியிருந்தாள், சத்தம் வராமலிருக்கச் செருப்பை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு. மேலே தொப்பென்று ஏதோ விழுந்தது. அவள் உடனே ஓடவில்லை. ஒரு நிமிடம் அந்தப் படியிலேயே நின்றாள்.

பிறகு மேலே போய், பெட்டியை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அதற்கப்புறம்தான் குளியலறைக் கதவைத் திறந்தாள்.

அந்தப் பெட்டியை அவள் இன்னும் பிரித்து அடுக்கவில்லை.