ஜீரோ பாருங்க

மழை விட்டும் விடாத ஒரு மத்தியானம். நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில் இரண்டு பம்புகள் எதிரெதிரே நின்று தூங்கி வழிந்துகொண்டிருந்தன.

பெரிய பம்பில் பெட்ரோல் போடுகிறவள் செங்கமலம். குழாயைக் கையில் எடுத்ததுமே, "ஜீரோ பாருங்க" என்பாள். வந்தவர்களும் கண்ணை இடுக்கிக்கொண்டு மீட்டரைப் பார்ப்பார்கள். பெரியதற்கு அது அறவே பிடிக்காது. 'நான் என்ன திருடனா?' என்று உள்ளுக்குள் பொருமும். நாளை முதல் செங்கமலம் வரமாட்டாள், வருகிறவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்று முதலாளி சொன்னதிலிருந்து அதற்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எதிரே இருந்த சின்ன பம்பில் ஏற்கெனவே அப்படித்தான். வருகிறவர்கள் தாங்களே போட்டுக்கொண்டு, போனைப் பார்த்தபடி போய்விடுவார்கள்.

"நாளையிலேர்ந்து நானும் உன்னை மாதிரிதான் தம்பி," என்றது பெரியது. "உன்னை ஒருத்தரும் சந்தேகப்பட்டதே இல்ல. கொடுத்து வச்சவன்டா நீ."

சின்னது கூச்சத்தோடு கேட்டது. "அண்ணே, எனக்கு ஒரு தடவை ஜீரோ பாக்குறீங்களா?"

பெரியது கண்ணை இடுக்கிப் பார்த்தது. ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்தது ஜீரோ.

"இருக்குப்பா. சரியா இருக்கு."

"இங்க வந்ததுலேர்ந்து நீங்கதாண்ணே முதல்ல பாக்குறீங்க," என்றது சின்னது.

அப்போது நனைந்த ஸ்கூட்டர் ஒன்று உள்ளே வந்தது. செங்கமலம் ஓடிவந்து குழாயை எடுத்தாள்.

"ஜீரோ பாருங்க."

வந்தவர் குனிந்து பார்த்தார். அவள் குழாயை அழுத்தினாள். பெட்ரோல் விழவில்லை. பெரிய பம்பு அந்த ஜீரோவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது.