கோமதி, இடப்பக்கம், இருபது அடி

மலையடிவாரப் பாதையில் நடக்கும்போது, எதிர்ப்படும் பூவையும் பறவையையும் காதில் மாட்டிய கேமராக் கருவி பெயர் சொல்லும். வழக்கமாக வருகிற ஆட்களையும் ஓசையை வைத்தே சொல்லிவிடும். நேற்று செங்காந்தள் என்றது, குக்குறுவான் என்றது. பிறகு, "கோமதி, இடப்பக்கம், இருபது அடி" என்றது.

கோமதி என் மனைவி. அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

நின்றேன். புதுப் பூவைக் கண்டால் அவள் அடிக்கும் சீட்டி கேட்டது. வெட்டி வெட்டி மூன்று, இழுத்து ஒன்று. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் அடித்தேன். பதில் வந்தது.

அவ்வழியே வந்த வனக்காவலர் மாடசாமி அண்ணன் மரத்தைக் காட்டினார். "துடுப்புவால் கரிச்சான், தம்பி. கேட்டத அப்படியே திருப்பிப் பாடும். அஞ்சு வருசமா ரெண்டு பேரும் இந்தப் பாதையிலதான நடந்தீங்க?"

"கோமதி. சரியா, தவறா?" என்று கருவி கேட்டது. அண்ணனிடம் சொன்னேன்.

"தவறுன்னு போடுங்க. சரின்னு போட்டா இங்க வர்ற எல்லார் கருவியும் அப்படியே சொல்லும். பொறவு எனக்குத்தான் ஏச்சு."

தவறு என்றால் அவள் பெயரை அது இனிச் சொல்லாது. எது தவறு என்றும் எனக்குப் பிடிபடவில்லை. சீட்டி அவளுடையதுதான்.

இன்று காலை பாதையில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். "அண்ணா, கோமதின்னு சொல்லுதே, அது என்ன பறவை?"

"எனக்கும் சரியாத் தெரியலம்மா," என்றேன். "சீட்டி அடிச்சா திரும்ப அடிக்கும்."