ஓமனா ஹோட்டல் சாயா

புதுக்கடைச் சந்திப்பின் அந்த வணிக வளாகத்தில், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாரும் கடைப்பிடித்த விதி ஒன்று உண்டு: ஓமனாவின் சாயாவைக் குறை சொல்லக் கூடாது.

ஆதியில் அங்கே இருந்தது முருகதாஸின் சாயாக்கடை மட்டுமே. அவருடைய கைப்பக்குவத்துக்குக் கூடிய கூட்டத்தை நம்பித்தான் சுற்றிலும் கடைகள் எழுந்தன; சாயாக்கடையும் ஹோட்டலாயிற்று. அவர் இறந்தபின் மனைவி ஓமனா அடுப்பருகே நின்றாள். ருசி அவரோடு போயிருந்தது. பஸ் நிறுத்தம் இடம் மாறியதும் வெளியாட்களும் வரவில்லை. நாமும் போகாவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று குடைக்கடை ஜான்ரோஸும் மற்றவர்களும் தினமும் குடித்தார்கள்.

"எப்படி இருக்கு மக்கா?"

"ஒண்ணாந்தரம் அக்கா." ஜான்ரோஸ் மூச்சைப் பிடித்து விழுங்கினான்.

"இந்தச் சாயா இல்லேன்னா இவனுக்குக் கடை தொறக்க கை வராது," என்றான் செல்போன் கடை எபிசன்.

ஓமனாவின் போன் அடித்தது. மஸ்கட்டிலிருந்து மகள் அஜிதாவின் குரல் வெளியே கேட்டது: "அம்மா, பேறுகாலம் நெருங்கியாச்சு. டிக்கெட்டும் அனுப்பியாச்சு. இன்னும் வரமாட்டேங்கியே!"

"எனக்கு மட்டும் ஆசை இல்லியா மக்ளே? இவங்க என் சாயாவுக்கு உயிர விடுதாங்க. நான் வந்துட்டா பாவம், எங்க போவாங்க?"

ஓமனா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எபிசன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜான்ரோஸ் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்து, எல்லாக் கடைக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அக்கா, உங்க சாயாவ வாயில வைக்க முடியல்ல. நாளையிலேருந்து நாங்க ஒருத்தரும் வரமாட்டோம்."