எதிர்க்கடை விளம்பரம்

"இன்னா டீச்சர் இது? எங்கூட்டுப் பொண்ணு எதிர்க்கடைக்கு விளம்பரம் எழுதுது. அதுக்கு நீங்க பரிசு வேற குடுக்கிறீங்க!"

ஆரம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வாசலில், சேதி கேட்டு ஓடிவந்து மூச்சிரைக்க நின்றாள் விக்டோரியா. கம்பெனி வண்டி நிற்கும் இடத்தில் இட்லிக் கடை போட்டிருப்பவள். கையில் ஒட்டிய மாவுகூடக் காயவில்லை.

எதிர்ச்சாரியில் குப்பம்மாளின் கடை. பெஞ்சு போடும் இடத்துக்காகச் சண்டை வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

மகள் ஷைனி எழுந்து நின்றாள். தலை குனிந்திருந்தது.

"உள்ள வாங்கம்மா" என்றார் ஆசிரியை குணசுந்தரி. "விளம்பரம் எழுதற போட்டி வெச்சேன். சூப்பர், நம்பர் ஒன் எல்லாம் வேணாம்னு சொன்னேன். எந்த வார்த்தையைக் கேட்டா மனுஷன் கால் நிஜமா நகருதோ, அதை எழுதச் சொன்னேன். இவளோடதுதான் முதல் பரிசு."

"அதுக்கு எங்கடை ஆப்புடலியா? ஏற்கெனவே அவ கடையில கூட்டம் ஏறிக்கினே போவுது. இந்த அட்டையையும் அங்க மாட்டிட்டா என் பொழப்பு இன்னா ஆவுறது?"

"முதல்ல கேளுங்க." ஆசிரியை அட்டையை எடுத்துப் படித்தார்.

"குப்பம்மாள் கடையில் இப்பத்தான் இட்லி இறங்குது. வேர்க்கடலைச் சட்னி வாசனை இங்க வரைக்கும் வருது. வெறும் வயித்தோட வண்டி ஏறாதீங்க."

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

விக்டோரியா முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"வா ஷைனி, போலாம்" என்றாள்.

"இரும்மா. டீச்சர் கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலியே."

"நீங்க வர்றதுக்கு முன்னாடிதான், எங்கே புடிச்ச இந்த வார்த்தையைன்னு இவகிட்ட கேட்டேன்" என்று சிரித்தார் ஆசிரியை.

ஷைனி இப்போது தலை நிமிர்ந்தாள்.

"எங்க கடையிலதான் டீச்சர். எங்கம்மா யாரையும் நம்ம கடைக்கு வாங்கன்னு கூப்பிட்டதே இல்ல. ஆனா இட்லி தீந்ததும், மிச்சம் நிக்கிறவங்ககிட்ட டெய்லி இதத்தான் சொல்லும். கேட்டவங்க எல்லாரும் நேரா எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க."

பிள்ளைகள் எல்லோரும் விக்டோரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாதடி!" என்று பதறினாள் விக்டோரியா. பிறகு ஆசிரியையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அட்டைய வேணா மாட்டிக்குங்க டீச்சர்... யார் சொன்ன வார்த்தைன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம். அப்புறம் நான் எப்டி அவகூட சண்ட போடறது?"